தாகத்திற்குப் பத்தியம்

அத்தியாயம் ஒன்பது

ரவாங்கில் புறப்பட்ட காலைப் பேருந்து பத்தாங் பெர்ஜுந்தையில் வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கிப் போய் ஒரு தேநீரை ஆற அமரக் குடித்தார். அவர் திரும்பி வந்து அமரும் வரையில் அம்சவள்ளி மடியிலிருந்த பையை இறுகப் பற்றியவாறு, எதிர் இருக்கையின் கிழிந்த உறையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாரம் ஒருமுறையேனும் தோட்ட அலுவலகத்திலிருந்து அவள் வேலை செய்யும் தொழிற்சாலைக்குத் தொலைபேசி செய்வதாகத் தங்கையின் கணவன் கார்த்திகேசு வாக்களித்திருந்தான். அவன் அழைக்கவேயில்லை. நல்லபடியாக இருப்பதால்தான் மறந்துவிட்டான் என்று முதலில் மனத்தைத் தேற்றிக்கொண்டாள். பிறகு மனம் தேறவில்லை. விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டுவிட்டாள்.

இக்கதையை இவ்வாரம்தான் கையில் எடுத்தோருக்காக, நடந்ததைச் சுருங்கச் சொல்லிவிடுவது முறையாகும். தெராத்தாய் தோட்டத்து லோரி ஓட்டுநரான கார்த்திகேசுவுக்கு வாழ்க்கைப்பட்ட தங்கை புஷ்பவள்ளிக்கு, வயிற்றில் பிள்ளை வளர வளரத் தாகமும் கூடவே வளர்ந்தது. குடம் குடமாகக் குடித்தாள். குடித்ததெல்லாம் நிறமற்ற நீராய் வெளியேறிற்று. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் உள்ளோர் இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, என்று முடிவு கட்டினர். தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரஸ்ஸர் சோதித்துப் பார்த்துவிட்டு, சர்க்கரை இல்லை, ஆகவே நோயும் இல்லை என்றார். கோலாலம்பூருக்கு அழைத்துச் சென்ற பிறகே, அது முற்றிலும் வேறான ஒரு நோய் என்பது தெரியவந்தது.

அங்கிருந்த பெரிய மருத்துவர் அம்சவள்ளியை அமர வைத்து விளக்கினார். மூளையின் அடியில் உள்ள சிறிய சுரப்பி ஒன்று, தண்ணீரைச் சேர்த்து வை என்று சிறுநீரகத்திற்கு ஓயாமல் சொல்லி அனுப்புகிறது. புஷ்பவள்ளியின் உடம்பில் அந்தச் சொல் போய்ச் சேரவில்லை. எனவே வந்த தண்ணீரையெல்லாம் சிறுநீரகம் கொட்டிவிடுகிறது. அவள் குடிப்பதால் நீர் போகவில்லை. நீர் போவதால் குடிக்கிறாள்.

மூக்கின் வழியாக ஊதிச் செலுத்தும் மருந்தொன்றை மருத்துவர் தந்தார். குளிரில் வைக்க வேண்டிய மருந்து. "மருந்து இருக்கும்போது தாகத்திற்கு மட்டும் குடிக்கட்டும். அளவு மீறினால் அதுவும் கெடுதல். மருந்து இல்லாதபோது தண்ணீர்தான் மருந்து. இரண்டையும் ஒருசேர நிறுத்திவிடாதீர்கள்" என்று அவர் சொன்னதை அம்சவள்ளி தோட்டத்திற்கு வந்து ஒவ்வொருவரிடமும் ஒப்பித்திருந்தாள். எல்லாரும் தலையை ஆட்டினர். பிள்ளையும் நல்லபடியாகப் பிறந்தது.

அவ்வளவில் அவள் ரவாங்குக்குத் திரும்பியிருந்தாள்.

சாலை முனையில் இறங்கி, செம்பனை மரங்களின் நடுவே நடந்து லயத்தை அடைந்தபோது வெயில் ஏறிவிட்டிருந்தது. தங்கையின் மாமியார் நல்லம்மாள் வாசலில் அம்மியருகே அமர்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

"வா அம்சா. பஸ்ஸு கெடச்சிச்சா? கோப்பி போடவா?"

"இருக்கட்டும் அத்தை. புஷ்பா எங்க?"

"உள்ளதான். தூங்கறா. ரெண்டு நாளா ஒரே தூக்கம்."

அச்சொல் அம்சவள்ளிக்குப் பிடிக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே சென்றாள். சன்னல் சாத்தியிருந்தது. பூண்டும் சுக்கும் மிளகும் கலந்த வாசம் அறையை நிறைத்திருந்தது. ஏணையில் பிள்ளை உறங்கியது. கீழே பாயில், வயிற்றில் இறுக்கிய கட்டுடன் புஷ்பவள்ளி ஒருக்களித்துக் கிடந்தாள்.

அவள் உதடுகள் வெடித்து, வெடிப்பில் இரத்தம் காய்ந்திருந்தது. கண்கள் குழிக்குள் போயிருந்தன. தொட்டபோது உடம்பு அனலாய்க் கொதித்தது. வாயில் ஒரு துணியின் ஓரம் இருந்தது. பிள்ளையைத் துடைத்து எடுத்த ஈரத்துணி அது. அதைக் குழந்தை பால் குடிப்பதுபோல் அவள் சப்பிக்கொண்டிருந்தாள்.

"புஷ்பா, அக்கா வந்திருக்கேன்."

புஷ்பவள்ளி கண்ணைத் திறந்தாள். "அம்மா, கொழாய் அடைச்சிருக்கும்மா" என்றாள். அவர்களுடைய தாயார் மறைந்து வெகுகாலமாகிவிட்டது.

பெரியவர்களிடம் குரலை உயர்த்திப் பேசுவது அம்சவள்ளிக்குப் பழக்கமில்லாத ஒன்று. தாயில்லாத தங்கையைப் புகுந்த வீட்டில் விட்டிருப்பவள் என்பதால் இருமடங்கு பணிந்தே நடந்துவந்தாள். அந்தத் துணியைத் தங்கையின் வாயிலிருந்து எடுத்த கணத்தில் அப்பணிவு எங்கேயோ போய்விட்டது.

"அத்தை, இவளுக்குத் தண்ணி குடுத்தீங்களா இல்லையா?"

நல்லம்மாள் முந்தானையில் கையைத் துடைத்தவாறு கதவருகே வந்து நின்றார். "குடுக்காம? காலையில அரை கிளாஸ் சுக்குத்தண்ணி, சாயங்காலம் அரை கிளாஸ். பச்ச ஒடம்புக்கு அதுக்கு மேல குடுத்தா சீதளம் புடிச்சிரும். வயிறு வேற தள்ளிப் போயிரும்."

"டாக்டர் சொன்னத நான் எத்தன தடவ சொன்னேன்?"

"சொன்ன, சொன்ன. நானும் கேட்டுக்கிட்டேன். ஆஸ்பத்திரிலேர்ந்து வந்தப்ப நம்மள மாதிரிதான் வெளிய போனா. சரி, புள்ள பொறந்ததோட சீக்கும் போயிருச்சு, இனி பத்தியம் பாக்கலாம்னு நெனச்சேன். அப்புறம் மறுபடியும் ஆரம்பிச்சிட்டா. குடிக்கறது, போறது, குடிக்கறது, போறது. ராத்திரியெல்லாம் பனியில எந்திரிச்சிப் போனா பச்ச ஒடம்பு தாங்குமா? குடிக்கறதாலதானே போவுது. நிறுத்துனா நிக்கும்."

"நின்னுச்சா?"

"நிக்கல" என்றார் நல்லம்மாள் சற்றுத் தணிந்த குரலில். "அதான் எனக்கும் வெளங்கல."

விளங்காத ஒன்றை விளங்கிக்கொள்ள ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்காமல், இருந்த தண்ணீரையும் குறைத்திருக்கிறார். அம்சவள்ளி விறுவிறுவென்று சமையலறைக்குச் சென்றாள். குடத்தைக் காணவில்லை. கதவை மூடி, அதன் முன்னே அரிசித் தகரத்தை நகர்த்தி வைத்திருந்த அலமாரிக்குள் இருந்தது. படுக்கையிலிருந்து தவழ்ந்து வருபவளால் அதைத் திறக்க முடியாது. யாரோ யோசித்துத்தான் செய்திருக்க வேண்டும்.

அவள் சொம்பில் தண்ணீர் மொண்டுவந்தபோது நல்லம்மாள் அறைவாசலை விட்டு நகரவில்லை.

"இங்க பாரு அம்சா, அஞ்சு பெத்தவ நான். ஒரு நாள் பச்சத் தண்ணி நாக்குல பட்டதில்ல. பேக்டரில உக்காந்து கம்பி ஒட்டறவளுக்குப் பத்தியத்தப் பத்தி என்னா தெரியும்?"

"தெரியாதுதான் அத்தை. எனக்குப் புள்ளையும் இல்ல, புருசனும் இல்ல. தங்கச்சி ஒருத்திதான் இருக்கா. வழிய விடுங்க."

"ஏதாச்சும் ஆயிட்டா?"

"ஆயிருச்சு. நல்லா வெளிச்சத்துல அவ மொகத்தப் பாருங்க."

அவள் சன்னலைத் தள்ளித் திறந்தாள். வெளிச்சம் பாயில் விழுந்தது. நல்லம்மாளின் பார்வை மருமகளின் உதட்டில் ஒரு கணம் தங்கிவிட்டு விலகியது. உடம்பும் சிறிது விலகியது. அம்சவள்ளி அந்த இடைவெளியில் நுழைந்து தங்கையின் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். வேகமாக ஊற்றினால் புரையேறிவிடும். கரண்டி கரண்டியாக வார்த்தாள். ஒவ்வொரு கரண்டிக்கும் புஷ்பவள்ளி பல்லால் அதைக் கடித்துப் பிடித்தாள்.

"மருந்து எங்க அத்தை?"

"கிராணியம்மா வூட்டு ஐஸ் பொட்டியிலதான்."

"எப்ப போட்டீங்க கடைசியா?"

"இங்க வந்ததும் ரெண்டு, மூணு நாள் போட்டோம். அப்பறம் அந்தம்மா வருத்தப்பட்டாங்க. சாமிக்கு வெக்கிற பாலு, பூவெல்லாம் அந்தப் பொட்டியிலதான் இருக்காம். புள்ள பெத்தவ மூக்குல வெச்ச சாமான் போறதும் வரதுமா இருந்தா தீட்டுதானே? முப்பது நாள் கழியட்டும்னாங்க. பெரிய எடம், நம்ம எப்படிச் சொல்றது? நானும் சரின்னுட்டேன்."

அம்சவள்ளியின் கையிலிருந்த கரண்டி நின்றது. தண்ணீரை நிறுத்தியது பத்தியம். மருந்தை நிறுத்தியது தீட்டு. இரண்டு பெண்மணிகள் ஒருவர் மனம் ஒருவர் கோணாதபடி வாசற்படியில் நின்று பண்போடு பேசி முடித்திருக்கிறார்கள். அவர்கள் பேசி முடித்த காரியத்தில் தன் தங்கையின் உயிர் இருந்தது என்பதை மட்டும் இருவரும் நினைத்துப் பார்க்கவில்லை.

"கொஞ்சங் கொஞ்சமா குடுத்துக்கிட்டே இருங்க. நிறுத்தினீங்கன்னா, அத்தைன்னும் பாக்க மாட்டேன்" என்று கரண்டியை நல்லம்மாளின் கையில் வைத்துவிட்டு எழுந்தாள். நல்லம்மாள் பாயருகே அமர்ந்தார்.

லயத்து வீடுகளில் மாலையில் இயந்திரம் ஓடத் தொடங்கினால்தான் மின்சாரம். பகல் முழுவதும் மின்சாரம் உள்ள வீடுகள் மேட்டில் இருந்தன. தோட்டத்துக் கணக்கரான கிராணியாரின் மனைவி லெட்சுமி அம்மையார் பின்பக்கக் கதவைத் திறந்து, விவரம் கேட்டு, போத்தலைக் கொண்டுவந்தார். நீட்டிய கையில் கொடுக்கவில்லை. படிக்கட்டில் வைத்துவிட்டு ஓரடி பின்வாங்கினார்.

"தப்பா நெனச்சிக்காதம்மா. வெள்ளிக்கெழம பூஜ இருக்கு."

"தப்பா நெனைக்கலைங்கம்மா. சரியாத்தான் நெனைக்கிறேன்."

அம்மையாருக்கு அது பாராட்டா வசவா என்று புரியவில்லை. அம்சவள்ளி குனிந்து போத்தலை எடுத்தாள். உள்ளங்கையில் அது பனிக்கட்டிபோல் குளிர்ந்தது. இந்தக் குளிர்ச்சியைக் கூப்பிடு தூரத்தில் வைத்துக்கொண்டுதான் புஷ்பவள்ளி அங்கே வெந்து கொண்டிருந்தாள்.

"எஸ்டேட் வேன் கெடைக்குமாம்மா? ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்."

"டிரஸ்ஸர் எழுதிக் குடுத்தாத்தான் வேன் வரும். அவரு கிள்ளானுக்குப் போயிருக்காரே. நாளைக்கு வந்துருவாருன்னு நெனைக்கிறேன்."

"நாளைக்கு வேன் எதுக்கும்மா வேணும்" என்றாள் அம்சவள்ளி. அம்மையாரின் முகம் சிறுத்துவிட்டது. அதைக் காண அம்சவள்ளி அங்கே நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்து, கோடு கிழித்த மெல்லிய குழாயில் மருத்துவர் காட்டிக் கொடுத்த அளவுக்கு மருந்தை ஏற்றினாள். ஒரு முனையைத் தங்கையின் மூக்கிலும் மறுமுனையைத் தன் வாயிலும் வைத்து ஊதினாள். புஷ்பவள்ளிக்கு ஊதக்கூடத் தெம்பில்லை. குடிக்கவும் முடியாத நிலைக்குப் போய்விட்டால் வீட்டில் வைத்திருக்காதீர்கள் என்றும் மருத்துவர் கூறியிருந்தார். அம்சவள்ளி மறுபடியும் வெளியே ஓடினாள்.

செம்பனைக் குலைகளை ஏற்றிய லோரி ஆலைப் பக்கமாக வந்துகொண்டிருந்தது. அவள் பாதையின் நடுவில் போய் நின்றாள். லோரி குலுங்கி நின்றது. கார்த்திகேசு தலையை வெளியே நீட்டினான்.

"என்னாண்ணி, சாவறதுக்கா நிக்கறீங்க? எப்ப வந்தீங்க?"

"எறங்கு தம்பி. இல்ல, எறங்க வேணாம். லோரிய லயத்துக்குத் திருப்பு."

"பழம் ஏத்தியிருக்குண்ணி. ஆலையில வரிசை வேற. மண்டோர் கத்துவாரு."

"புஷ்பாவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். ஆள் யாருன்னு தெரியாம பேசிக்கிட்டுக் கெடக்கா."

அவன் முகம் வெளுத்தது. "நல்லா இருக்கான்னுதானே அம்மா சொன்னிச்சு. தூங்கறான்னுச்சு."

"நீ உள்ள போயி பாக்கலையா?"

"தீட்டுண்ணி. முப்பது கழியற வரைக்கும் உள்ள வரக்கூடாதுன்னு..." என்றவன் ஸ்டியரிங்கைப் பார்த்தான்.

"ஒரு சொவுரு தம்பி. பலகைச் சொவுரு. அந்தப் பக்கம் அவ மொனகறது ஒனக்குக் கேக்கலையா? ஒவ்வொரு குலையையும் தூக்கித் தூக்கி, காயா பழமான்னு பாக்கத் தெரியுது. கட்டுனவ மொகத்தப் பாக்கறதுக்கு மட்டும் முப்பது நாள் கழியணும்."

கார்த்திகேசு லோரியைப் பின்னுக்கு எடுத்தான். சக்கரம் வடிகாலில் இறங்கி ஏறியது. மூன்று குலைகள் உருண்டு பாதையில் விழுந்தன. தூரத்தில் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவருவது கண்ணாடியில் தெரிந்தது. அவன் நிறுத்தவில்லை.

புஷ்பவள்ளியை அவன் இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு வந்தபோது லயமே வாசலுக்கு வந்துவிட்டது. தீட்டு வீட்டுக்குள் செருப்போடு போய்விட்டான் என்று யாரோ முணுமுணுத்தார்கள். ஓட்டுநர் இருக்கையின் பக்கத்தில் அம்சவள்ளி அமர்ந்து தங்கையை மார்போடு சாய்த்துக்கொண்டு, "அத்தை, புள்ளையக் குடுங்க" என்று கையை நீட்டினாள்.

நல்லம்மாள் பிள்ளையைத் தோளோடு அணைத்தவாறு பின்னால் நகர்ந்தார். "பச்சப் புள்ளைய லோரிலயா? புழுதியிலயா? தர மாட்டேன்."

அந்த ஒரு சொல்லில் நியாயம் இருந்தது. அம்சவள்ளி நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். லோரி புறப்பட்டது.

அரசாங்க மருத்துவமனையில் பணியிலிருந்தவர் ஓர் இளம் சீன மருத்துவர். பார்த்த மாத்திரத்தில் தாதியரை அழைத்து நரம்பில் நீர் ஏற்றச் சொன்னார். பரிசோதனை முடிவு வந்ததும் இருவரையும் வெளியே அழைத்தார். உடம்பு வற்றி இரத்தத்தில் உப்பு அபாயமான அளவுக்கு ஏறியிருக்கிறது, அதை ஒரேயடியாகவும் இறக்கக் கூடாது, மூளை வீங்கிவிடும், பொறுமையாகத்தான் இறக்க வேண்டும் என்று மலாயில் விளக்கினார். பிறகு மேசை மேலிருந்த மருந்துப் போத்தலைப் பார்த்தார்.

"இவ்வளவு நல்ல மருந்து கையில் இருந்திருக்கிறது. தண்ணீரையும் நிறுத்தியிருக்கிறீர்கள். யார் நிறுத்தச் சொன்னது?"

கார்த்திகேசு தரையைப் பார்த்தான். மாமியார் பெயரும் கிராணியம்மாள் பெயரும் அம்சவள்ளியின் நாக்கு நுனி வரை வந்தன. பலகைச் சுவரும் நினைவுக்கு வந்தது.

"எல்லாரும்தான் டாக்டர்" என்றாள்.

"இது எப்ப போகும் டாக்டர்?" என்று கார்த்திகேசு தயங்கித் தயங்கிக் கேட்டான்.

கருப்பத்தினால் வந்ததாக இருந்தால் இன்னும் சில வாரங்களில் தானாக விலகிவிடும். சுரப்பியே பழுதுபட்டிருந்தால் ஆயுள் முழுவதும் மருந்தோடு வாழ வேண்டும். வாழலாம், பிள்ளையும் வளர்க்கலாம், வேலைக்கும் போகலாம். எது என்று இப்போது சொல்ல இயலாது. மருத்துவர் இவ்வாறு சொல்லிக்கொண்டே போனார். கார்த்திகேசுவின் காதில் ஆயுள் முழுவதும் என்ற இரண்டு சொற்களுக்கு மேல் ஏறவில்லை என்பதை அவன் முகத்தைக் கொண்டே அம்சவள்ளி அறிந்துகொண்டாள்.

ஆலையில் பழத்தை இறக்கிவிட்டு, வீட்டுக்குப் போய், அம்மாவையும் பிள்ளையையும் வாடகைக் காரில் அழைத்து வருவதாகச் சொல்லிவிட்டு அவன் கிளம்பினான்.

மாலையில் புஷ்பவள்ளிக்குத் தெளிவு வந்தது. அக்காவை அக்கா என்று அழைத்தாள். தாதி ஒரு டம்ளரில் தண்ணீரை அளந்து வைத்து, இதை மெதுவாகக் குடிக்கட்டும், முடிந்ததும் அடுத்தது தருகிறேன் என்றாள். டம்ளரின் மேல் படிந்த கண்ணைப் புஷ்பவள்ளியால் எடுக்க முடியவில்லை. முதல் வாயைக் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"கொழாய் தொறந்திருச்சாக்கா" என்றாள். இருவரும் இலேசாகச் சிரித்தார்கள். வெடித்த உதட்டோடு சிரித்ததால் அவளுக்கு இரத்தம் கசிந்தது.

அப்போது கார்த்திகேசு வந்தான். மோட்டார் சைக்கிள் சாவி கையில் இருந்தது. பின்னால் யாரும் வரவில்லை.

புஷ்பவள்ளி அவனுக்குப் பின்னால் இருந்த கதவையே பார்த்தாள். "புள்ள எங்க?"

"வூட்டுல இருக்கு. நல்லாத்தான் இருக்கு. டின்பால் குடிக்குது."

"ஏன் கொண்டு வரல?"

அவன் அம்சவள்ளியைப் பார்த்தான். அவள் உதவவில்லை. "அம்மா குடுக்கல. டாக்டர் சொன்னத நான்தான் அம்மாகிட்டச் சொல்லிட்டேன். ஆயுசு பூரான்னு. பால்ல சீக்கு எறங்கிருமாம். பொம்பளப் புள்ளையாச்சே, நாளைக்கு அதுக்கும் வந்துட்டா யாரு கட்டிக்குவான்னு அழுவுது. புள்ளைய அதுவே வளத்துக்குதாம். நீ குணமாகி வந்தப்பறம் பாத்துக்கலாம்லான்னு..."

"பால்ல எறங்கும்னு டாக்டர் சொன்னாங்களா?" என்று அம்சவள்ளி கேட்டாள்.

"இல்ல."

"நீ கேட்டியா?"

"கேக்கல."

"இந்த வூட்டுல யாருமே எதையும் கேக்கறதில்ல. கேக்காமலே முடிவு பண்ணிர்றீங்க" என்றாள் அம்சவள்ளி. அடுத்த கட்டிலில் இருந்த மலாய்ப் பெண்மணி திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அவள் குரல் உயர்ந்துவிட்டது. அதற்காக அவள் வருத்தம் தெரிவிக்கவில்லை.

புஷ்பவள்ளி குரலை உயர்த்தவில்லை. ஒருவாய் மட்டும் குறைந்திருந்த டம்ளரை மேசையின் மறுகோடிக்குத் தள்ளி வைத்தாள்.

"தண்ணியக் குடி புஷ்பா" என்றான் கார்த்திகேசு.

"புள்ள வரட்டும்."

"பைத்தியமா ஒனக்கு? டாக்டர் என்னா சொன்னாங்க?"

"இத்தன நாளா நீங்க யாரும் குடுக்கல. நான் செத்துப் போயிரல. இன்னும் கொஞ்ச நேரம்தானே. புள்ளையக் கொண்டாங்க, குடிக்கிறேன்."

அவள் சுவர்ப்பக்கமாகத் திரும்பிக்கொண்டாள். கார்த்திகேசு சாவியை இறுக்கிப் பிடித்தபடி வேகமாக வெளியேறினான். தோட்டத்துக்குப் போகிறானா, தப்பித்துப் போகிறானா என்பதை அவன் நடையிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

அம்சவள்ளி டம்ளரைக் கையில் எடுத்தாள். வாசலை மறிக்க இப்போது யாரும் இல்லை. தண்ணீர் இருந்தது, மருந்து இருந்தது, அளந்து கொடுக்கத் தாதியும் இருந்தாள்.

"புஷ்பா, அக்காவுக்காக ஒரே ஒரு வாய்."

சுவரைப் பார்த்துக் கிடந்தவள் நாவால் உதட்டைத் தடவிக்கொண்டாள். வாயைத் திறக்கவில்லை.